பழ மரத்தில் செஞ்சிலந்தி: மருந்துக் கடைக்குப் போகும் முன் இலையைத் திருப்பிப் பாருங்கள்

மாசி முடிந்து வெயில் ஏற ஆரம்பித்ததும், மல்லாங்கிணறு பக்கம் எலுமிச்சை, பப்பாளி, மாதுளை வைத்திருப்பவர்களிடம் ஒரே மாதிரியான புலம்பல் கேட்கும். “இலையெல்லாம் வெளுத்துப் போச்சு. மூணு தடவை மருந்து அடிச்சாச்சு. அடிக்க அடிக்கக் கூடுதே தவிர குறையலை.”

இந்தப் புலம்பலின் கடைசி வரியைக் கொஞ்சம் கவனியுங்கள். அடிக்க அடிக்கக் கூடுகிறது என்றால், மருந்து போலி என்று மட்டும் அர்த்தமில்லை. பூச்சிக்கான மருந்தை, பூச்சியே இல்லாத ஒன்றின் மேல் அடித்திருக்கலாம். இலையை வெளுக்க வைப்பது பல நேரங்களில் செஞ்சிலந்தி. சிலர் சிலந்திப்பேன் என்பார்கள், சிலர் சிவப்புச் சிலந்தி என்பார்கள். மிளகாய் போடும் நம் விவசாயிகளுக்கு ‘முரணை’ என்றால் தெரியும். மிளகாய் இலையைச் சுருட்டும் மஞ்சள் முரணைச் சிலந்தியும் இந்தச் செஞ்சிலந்திக்குத் தூரத்துச் சொந்தம்தான்.

இதை எப்படிக் கண்டுபிடிப்பது, இயற்கை முறையில் எதுவரை சமாளிக்கலாம், ரசாயன மருந்து எப்போது தேவை, எந்த மருந்தைத் தொடவே கூடாது, யாரிடம் கேட்பது என்று வரிசையாகப் பார்ப்போம்.

இது பூச்சி இல்லை

பூச்சிக்கு ஆறு கால். செஞ்சிலந்திக்கு எட்டுக் கால். முட்டையிலிருந்து வெளிவந்த குஞ்சுக்கு மட்டும் முதலில் ஆறு கால் இருக்கும், வளர வளர எட்டாகும். உடல் அரை மில்லிமீட்டர்தான். வெறும் கண்ணுக்கு ஒரு புள்ளி நகர்வது போலத் தெரியும். வாயில் உள்ள ஊசி போன்ற உறுப்பால் இலையின் செல்லைக் குத்திப் பச்சையத்தை உறிஞ்சிவிடும். குத்திய இடமெல்லாம் ஊசிமுனை அளவுக்கு வெள்ளைப் புள்ளி விழும். புள்ளிகள் சேரச் சேர இலை வெளுத்து, பிறகு பழுப்பாகி உதிரும். கூட்டம் பெருகினால் இலையின் அடியிலும் கொழுந்திலும் மெல்லிய நூலாம்படை பின்னியிருக்கும்.

இதன் பலம் வேகம். 30 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் முட்டை பொரித்து, வளர்ந்து, மறுபடி முட்டையிடும் நிலைக்கு வர 7 முதல் 10 நாள் போதும். ஒரு பெண் சிலந்தி தன் வாழ்நாளில் சுமார் 100 முட்டை வரை இடும். அப்படியென்றால் ஒரே மாதத்தில் மூன்று தலைமுறை. காற்றில் ஈரம் குறைந்து, தூசி படிந்து, மரம் தண்ணீருக்கு ஏங்கும் காலம் இதற்குக் கொண்டாட்டம். வானம் பார்த்த கரிசல் பூமியான நம் பகுதியில் பங்குனியிலிருந்து ஆடி வரை நிலைமை அப்படித்தான் இருக்கிறது.

முதல் வேலை: வெள்ளைத் தாள் சோதனை

செலவே இல்லாத சோதனை இது. ஒரு வெள்ளைத் தாளை இலைக்கொத்தின் கீழே பிடித்துக் கிளையை நாலு தட்டுத் தட்டுங்கள். விழுந்ததை ஒரு நிமிடம் உற்றுப் பாருங்கள். தூசி அசையாது, சிலந்தி நகரும். விரலால் தேய்த்தால் தாளில் செந்நிறமாகவோ பச்சையாகவோ கோடு விழும். கையில் ஒரு பூதக்கண்ணாடி இருந்தால் இன்னும் நல்லது.

மரத்துக்கு மரம் இடம் மாறும். பப்பாளியில் இலையின் அடிப்பக்கத்தைப் பாருங்கள், நரம்பை ஒட்டி முதலில் கூட்டம் சேரும். எலுமிச்சையில் பெரும்பாலும் மேல்பக்கத்திலேயே உட்கார்ந்து உறிஞ்சும் வகை ஒன்று உண்டு. இலை சாம்பல் பூசியது போலத் தெரிவதால், ரோட்டுத் தூசி என்று நினைத்து விட்டுவிடுவோம். எலுமிச்சைக் காய் துருப்பிடித்தது போலப் பழுப்பாகச் சொரசொரவென்று இருந்தால், அது கண்ணுக்கே தெரியாத துருச் சிலந்தியின் வேலையாக இருக்கலாம்.

இலை மஞ்சளாகிறது என்றாலே சிலந்தி என்று முடிவு கட்டிவிடாதீர்கள்.

நரம்பு பச்சையாக இருந்து, இடைப்பட்ட பகுதி மட்டும் ஒரே சீராக மஞ்சளானால் அது இரும்பு, துத்தநாகம் போன்ற நுண்ணூட்டக் குறை. சுண்ணாம்பு கலந்த மண்ணில் எலுமிச்சைக்கு இது சகஜம். இதற்குச் சிலந்தி மருந்து அடித்து ஒரு பிரயோஜனமும் இல்லை.

வெள்ளைப் பஞ்சு ஒட்டியது போல இருந்தால் அது மாவுப்பூச்சி. அதற்கு வைத்தியம் வேறு.

ஊசிமுனைப் புள்ளி, நூலாம்படை, தாளில் நகரும் புள்ளி ஆகிய மூன்றில் இரண்டாவது இருந்தால் செஞ்சிலந்தி என்று எடுத்துக்கொள்ளலாம்.

மருந்து அடித்தும் ஏன் கூடுகிறது?

செஞ்சிலந்தியைத் தின்பதற்கென்றே தோட்டத்தில் ஆட்கள் இருக்கிறார்கள். கடுகைவிடச் சின்னதாக, கறுப்பு நிறத்தில் ஒரு பொறிவண்டு உண்டு. அதன் புழுவும் சிலந்தி முட்டையைத் தின்னும். பச்சை நிறத்தில் கண்ணாடி போன்ற இறக்கையுடைய பூச்சியின் புழு இன்னொன்று. சிலந்தியைத் தின்னும் சிலந்தியும் இருக்கிறது. பூதக்கண்ணாடியில் பார்த்தால் செஞ்சிலந்தி மெதுவாக நகரும், இந்த இரைவிழுங்கிச் சிலந்தி விறுவிறுவென்று ஓடும்.

இலைப்பேனுக்கோ வெள்ளை ஈக்கோ என்று கடையில் கொடுக்கும் பூச்சிமருந்தை, குறிப்பாகச் செயற்கை பைரித்ராய்டு வகை மருந்தை அடிக்கும்போது இந்த நல்லவர்கள் முதலில் சாகிறார்கள். செஞ்சிலந்தி பூச்சி இல்லாததால் அதில் பெரும்பகுதி தப்பிவிடும். முட்டைகளுக்கு ஒன்றுமே ஆகாது. பத்து நாளில் முட்டை பொரிக்கும்போது தின்ன ஆளில்லாத தோட்டம் தயாராக இருக்கும். ‘அடிக்க அடிக்கக் கூடுதே’ என்பதன் காரணம் பெரும்பாலும் இதுதான்.

நல்ல பூச்சியின் அருமைக்குத் தமிழ்நாடே ஒரு சாட்சி. 2008-இல் கோயம்புத்தூரில் முதலில் கண்டறியப்பட்ட பப்பாளி மாவுப்பூச்சி, அடுத்த இரண்டு ஆண்டுகளில் பப்பாளி, மல்பெரி, மரவள்ளி என்று மாவட்டம் மாவட்டமாகப் பரவியது. மருந்துச் செலவு ஏறியதே தவிர பூச்சி அடங்கவில்லை. 2010-இல் போர்ட்டோரிக்கோவிலிருந்து அதன் இயற்கை எதிரிகளான ஒட்டுண்ணிக் குளவிகள் வரவழைக்கப்பட்டன. பெங்களூருவிலும் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்திலும் அவற்றைப் பெருக்கித் தோட்டங்களில் விட்டார்கள். சில மாதங்களில் மாவுப்பூச்சி கட்டுக்குள் வந்தது. பெரிய தெளிப்பானால் முடியாததை, கண்ணுக்குச் சரியாகத் தெரியாத ஒரு குளவி முடித்துக் காட்டியது. செஞ்சிலந்திக்கு வெளிநாட்டிலிருந்து யாரையும் அழைக்க வேண்டியதில்லை. எதிரிகள் நம் தோட்டத்திலேயே இருக்கிறார்கள், அவர்களைக் கொல்லாமல் இருந்தாலே பாதி வேலை முடிந்தது.

இயற்கை முறை: எதில் தொடங்குவது?

தண்ணீர். செஞ்சிலந்திக்குப் பிடிக்காத முதல் பொருள் இதுதான். வீட்டுக் கொல்லையில் நாலைந்து மரம் என்றால், காலை நேரத்தில் குழாய்த் தண்ணீரை இலையின் அடிப்பக்கம் படும்படி வேகமாகப் பீய்ச்சுங்கள். வாரத்துக்கு இரண்டு மூன்று தடவை, இரண்டு வாரம் செய்யுங்கள். சிலந்தியும் நூலாம்படையும் தூசியும் சேர்ந்து போகும். தோட்டம் பெரியது என்றால் தெளிப்பானில் வெறும் தண்ணீரையே நிரப்பி, பாதிப்புள்ள மரங்களுக்கு மட்டும் அடிக்கலாம். கிணற்றில் தண்ணீர் குறைவாக இருந்தால், ரோட்டோர வரிசைக்கு முன்னுரிமை கொடுங்கள். தூசி படியும் இடத்தில்தான் முதலில் ஆரம்பிக்கும்.

வேருக்கு ஈரம். வாடிய மரத்தில் சிலந்தி வேகமாகப் பெருகும். மரத்தடியில் காய்ந்த இலை, வைக்கோல், கடலைக் கொடி எது கிடைத்தாலும் மூடாக்குப் போடுங்கள். ஈரமும் நிற்கும், தூசியும் கிளம்பாது. இலை வெளுத்துவிட்டதே என்று யூரியாவை அள்ளிப் போட வேண்டாம். தழைச்சத்து கூடினால் கொழுந்து இளசாகி, சிலந்திக்கு விருந்து வைத்தது போல ஆகிவிடும்.

கவாத்து. பப்பாளியில் அடியில் உள்ள, மோசமாகப் பாதித்த இலைகளை வெட்டிச் சாக்கில் போட்டு, தோட்டத்துக்கு வெளியே கொண்டு போய் அழித்துவிடுங்கள். மரத்தடியிலேயே போட்டால் ஏறி வந்துவிடும். ஊடுபயிராகக் கத்தரியோ வெண்டையோ இருந்தால் அதையும் திருப்பிப் பாருங்கள். அதிலிருந்தும் மரத்துக்கு வரும்.

வேப்பங்கொட்டைச் சாறு. 5 சதவீதக் கரைசலுக்கு, 10 லிட்டர் தண்ணீருக்கு அரை கிலோ வேப்பம் பருப்பு கணக்கு. பருப்பை இடித்துத் தூளாக்கி, ஒரு லிட்டர் தண்ணீரில் இரவு முழுக்க ஊற வையுங்கள். காலையில் பால் போல வரும் வரை நன்றாகக் கலக்கி, துணியை இரண்டாக மடித்து வடிகட்டி, 10 லிட்டராக்கிக்கொள்ளுங்கள். இலையில் ஒட்டுவதற்குக் கொஞ்சம் காதி சோப்புக் கரைசல் சேர்த்து, மாலை நேரத்தில் அன்றைக்கே தெளித்துவிடுங்கள். நாள்பட வைத்தால் வீரியம் போய்விடும். ஆனி, ஆடியில் பழம் உதிரும்போது கொட்டையைப் பொறுக்கி, நிழலில் உலர்த்தி வைத்தால் அடுத்த சில மாதங்களுக்குக் காசு செலவே இல்லை.

வேப்ப எண்ணெய். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 20 மில்லி, கூடவே சோப்புக் கரைசல். சோப்பு இல்லாமல் அடித்தால் எண்ணெய் தனியாகப் பிரிந்து, ஒரு இலையில் திட்டாக விழும், இன்னொரு இலையில் படவே படாது. முதலில் ஒரு கிளையில் அடித்து இரண்டு நாள் பாருங்கள். இலை கருகவில்லை என்றால் மற்ற மரங்களுக்கும் அடிக்கலாம்.

எந்தக் கரைசலாக இருந்தாலும் 7 முதல் 10 நாளில் இரண்டாவது முறை அடிக்க வேண்டும். முதல் தடவை தப்பிய முட்டைகள் அப்போது பொரித்திருக்கும். ஒரு தடவை அடித்துவிட்டு ‘இயற்கை மருந்து கேட்கலை’ என்று கைவிடுவதுதான் பலர் செய்யும் தவறு.

கந்தகம்: நம் ஊருக்கென்று ஒரு எச்சரிக்கை

ரசாயனப் பட்டியலில் மிகப் பழையதும் விலை குறைவானதும் நனையும் கந்தகம். 80 சதவீதத் தூளை லிட்டருக்கு 2 கிராம் கணக்கில், அதாவது 10 லிட்டர் டேங்குக்கு 20 கிராம் கலந்து அடிப்பது வழக்கம். துருச் சிலந்திக்கும் இது கேட்கும். ஆனால் மூன்று விஷயங்களை மனதில் வையுங்கள்.

முதலாவது வெயில். வெப்பம் 32 டிகிரியைத் தாண்டும் நாளில் கந்தகம் இலையைக் கருக்கக்கூடும். நம் பகுதியில் சித்திரை, வைகாசியில் வெப்பம் அதற்கு எவ்வளவோ மேலே போகும். சிலந்தி உச்சத்தில் இருக்கும்போது கந்தகம் அடிக்க முடியாத நிலை இது. அதனால் கந்தகம் அடிப்பதாக இருந்தால் தை, மாசியிலேயே, ஆரம்ப நிலையிலேயே, மாலை வெயில் தாழ்ந்த பிறகு அடிப்பதுதான் புத்திசாலித்தனம். கோடை உச்சத்தில் தண்ணீரும் வேம்பும்தான் கை கொடுக்கும்.

இரண்டாவது, எண்ணெயும் கந்தகமும் சேரக் கூடாது. வேப்ப எண்ணெய் அடித்த மரத்துக்கு, மூன்று வாரமாவது கழித்துத்தான் கந்தகம். இரண்டும் இலையில் ஒன்று சேர்ந்தால் மரம் இலையைக் கொட்டிவிடும்.

மூன்றாவது, சிவகாசி வட்டாரத்துக்கென்றே சொல்ல வேண்டியது. பட்டாசு, தீப்பெட்டித் தொழிலில் புழங்கும் கந்தகத்தையும் கடையில் பாக்கெட்டில் வரும் நனையும் கந்தகத்தையும் ஒன்றாக நினைக்காதீர்கள். பயிருக்கான தூளில் தண்ணீரில் கரைந்து பரவுவதற்கான துணைப்பொருள் சேர்த்திருப்பார்கள். தொழிற்கந்தகம் தண்ணீரில் மிதக்கும், தெளிப்பான் முனையை அடைக்கும், ஒரு இடத்தில் குவிந்து இலையைக் கருக்கும். இதைவிடப் பெரிய ஆபத்து தீ. கந்தகத் தூள் எளிதில் பற்றக்கூடியது. குளோரேட் போன்ற வெடியுப்போடு கலந்தால் உரசலே போதும். ‘தெரிந்தவரிடம் கொஞ்சம் வாங்கிக்கலாம்’ என்று அதை வீட்டுக்குக் கொண்டுவந்து அடுப்படியிலோ மோட்டார் அறையிலோ வைப்பது மரத்தைக் காப்பாற்றும் வழியில்லை, வீட்டைப் பணயம் வைக்கும் வழி.

தொடவே கூடாத மருந்து

பழைய வேளாண் கையேடுகளில் சிலந்திக்கு முதலில் எழுதியிருக்கும் பெயர் டைகோபால். கடைக்காரரும் பெரியவர்களும் ‘கெல்தேன்’ என்று சொல்லிக் கேட்டிருப்பீங்க. டி.டி.டி-யை மூலப்பொருளாக வைத்துத் தயாரிக்கப்பட்ட மருந்து இது. நீண்டகாலம் மண்ணிலும் உயிர்களின் உடலிலும் தங்கக்கூடிய ரசாயனங்களுக்கான ஸ்டாக்ஹோம் உடன்படிக்கையின் ஒழிப்புப் பட்டியலில் 2019-இல் சேர்க்கப்பட்டது. இந்தியாவில் 2023 செப்டம்பர் இறுதியில் மத்திய அரசு வெளியிட்ட ஆணையின்படி டைகோபால் தயாரிப்பு, விற்பனை, பயன்பாடு எல்லாமே தடை செய்யப்பட்டுவிட்டன. அதே ஆணையில் டைனோகேப், மெத்தோமில் ஆகியவையும் தடைசெய்யப்பட்டன.

வீட்டுப் பரணில் பாதி பாட்டில் மீதம் இருந்தாலும் அதை எடுத்து அடிக்காதீர்கள். யாராவது ‘பழைய ஸ்டாக், நல்லாக் கேட்கும்’ என்று கொடுத்தால் வாங்காதீர்கள். பழையதை வாய்க்காலில் ஊற்றவும் வேண்டாம். மூடியை இறுக்கி, பிள்ளைகள் கைக்கு எட்டாத இடத்தில் வைத்துவிட்டு, எப்படி அகற்றுவது என்று வேளாண்மை அலுவலரிடம் கேளுங்கள்.

வேறு வழியில்லை என்றால்

தண்ணீர், வேம்பு, கவாத்து எல்லாம் பார்த்தும் புதுக் கொழுந்து வரை வெளுக்கிறது என்றால் சிலந்திக்கொல்லி தேவைப்படலாம். புரோபார்கைட், பெனாசாகுயின், ஸ்பைரோமெசிபென், ஹெக்சிதயசாக்ஸ் என்று சில பெயர்கள் கடையில் கிடைக்கும். இவற்றின் லேபிளில் அனுமதிக்கப்பட்ட பயிராகப் பெரும்பாலும் தேயிலை, மிளகாய், கத்தரி, ஆப்பிள் போன்றவைதான் இருக்கும். உங்கள் மரம் அந்தப் பட்டியலில் இருக்கிறதா, பறிப்பதற்கு முன் எத்தனை நாள் காத்திருக்க வேண்டும் என்ற இரண்டையும் பார்க்காமல் வாங்காதீர்கள். பட்டியலில் இல்லை என்றால் தோட்டக்கலை அலுவலரின் பரிந்துரையைக் கேட்டு முடிவெடுங்கள். பப்பாளியை உங்கள் பிள்ளைகளே நாளைக்கு வெட்டிச் சாப்பிடும், அந்தக் காத்திருப்பு நாள் அவர்களுக்காகத்தான்.

ஒரே சிலந்திக்கொல்லியைத் தொடர்ந்து இரண்டு தடவை அடிக்க வேண்டாம். உலகத்திலேயே மருந்துக்கு மிக வேகமாகப் பழகிக்கொள்ளும் உயிரினங்களில் ஒன்று இரண்டு புள்ளிச் செஞ்சிலந்தி. இன்று தப்பிய ஒன்றிரண்டின் குஞ்சுகளுக்கு நாளை அதே மருந்து வெறும் தண்ணீர். நாலு மருந்தை ஒரே டேங்கில் கலக்குவதும் கூடாது.

பாட்டிலில் உள்ள முக்கோணத்தைப் பாருங்கள். சிவப்பு என்றால் மிகக் கடுமையான நஞ்சு. அடுத்து மஞ்சள், நீலம், பச்சை என்று வீரியம் படிப்படியாகக் குறையும். பச்சை என்றாலும் நஞ்சு நஞ்சுதான். முழுக்கைச் சட்டை, கையுறை, முகக்கவசம் போட்டு, காற்று வீசும் திசையிலேயே நடந்து அடியுங்கள். அடிக்கும்போது பீடி, வெற்றிலை, டீ எதுவும் வேண்டாம். காலிப் பாட்டிலை மூன்று முறை கழுவி, கழுவிய தண்ணீரை டேங்கிலேயே ஊற்றிவிட்டு, பாட்டிலை ஓட்டை போட்டுவிடுங்கள். மயக்கம், வாந்தி, கண் மங்கல் எது வந்தாலும் 108-க்கு அழையுங்கள். மருந்தின் லேபிளைக் கையோடு மருத்துவமனைக்குக் கொண்டு போங்கள். என்ன நஞ்சு என்று தெரிந்தால்தான் மருத்துவர் சரியான மாற்று மருந்தைக் கொடுக்க முடியும்.

யாரிடம் கேட்பது?

பழ மரம் என்றால் உங்கள் வட்டாரத் தோட்டக்கலை உதவி இயக்குநர் அலுவலகம்தான் முதல் இடம். அங்கே போகும்போது வெளுத்த இலையுடன் ஒரு கிளையை மூடிய பிளாஸ்டிக் பையில் போட்டுக் கொண்டு போங்கள். ‘இலை ஒரு மாதிரி இருக்குங்க’ என்று வாயால் சொல்வதைவிட, கையில் இருக்கும் இலை தெளிவாகப் பேசும். இதுவரை என்னென்ன மருந்து, எந்தத் தேதியில் அடித்தீர்கள் என்று ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள்.

அருப்புக்கோட்டை கோவிலாங்குளத்தில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் மண்டல ஆராய்ச்சி நிலையமும் வேளாண் அறிவியல் நிலையமும் இருக்கின்றன. மானாவாரி நிலத்துக்கான ஆராய்ச்சிக்குப் பெயர்பெற்ற இடம். சீத்தாப்பழத்தில் ஏ.பி.கே. 1 ரகம் அங்கிருந்துதான் வந்தது. பூச்சியா, நோயா, சத்துக் குறையா என்று குழப்பம் இருந்தால் அங்கே காட்டலாம்.

நேரில் போக முடியாவிட்டால் விவசாயிகள் அழைப்பு மையம் 1800-180-1551. கட்டணமில்லாத எண். காலை 6 மணி முதல் இரவு 10 மணி வரை தமிழிலேயே பேசலாம். 2018-இல் தொடங்கப்பட்ட உழவன் செயலியில் வானிலை, மானியத் திட்டம், உதவி வேளாண்மை அலுவலர் வருகை விவரங்களைப் பார்க்கலாம். அடுத்த நாலு நாளில் மழை இருக்கிறதா என்று பார்த்துவிட்டு மருந்து அடித்தால், ஒரு டேங்க் மருந்து மண்ணுக்குப் போகாமல் மிஞ்சும். நல்ல மழை ஒன்று பெய்தாலே செஞ்சிலந்தி பெருமளவு கழுவப்பட்டுவிடும்.

கடையில் மருந்து வாங்கினால் பில் கேளுங்கள். பில்லில் மருந்தின் பெயர், தொகுதி எண், காலாவதித் தேதி இருக்கட்டும். மருந்து போலி என்று சந்தேகம் வந்தால், வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்தில் எழுத்து மூலம் புகார் கொடுக்கலாம். 1968-ஆம் ஆண்டுப் பூச்சிமருந்துச் சட்டத்தின்படி மாதிரி எடுத்துச் சோதனைக்கு அனுப்பும் அதிகாரம் ஆய்வாளருக்கு உண்டு. பில் இல்லாமல் வாங்கினால் உங்கள் பக்கம் பேச எந்தச் சாட்சியும் இருக்காது. ‘பில் வேண்டாம்னா பத்து ரூபாய் குறைச்சுத் தர்றேன்’ என்று சொல்லும் இடத்தில், அந்தப் பத்து ரூபாயோடு உங்கள் உரிமையையும் விட்டுக்கொடுக்கிறீர்கள்.

இந்த வாரமே செய்யக்கூடியது

நாளைக் காலை வெயில் ஏறும் முன் ஐந்து மரங்களைத் தேர்ந்தெடுங்கள். ஒவ்வொன்றிலும் பத்து இலையைத் திருப்பிப் பாருங்கள், வெள்ளைத் தாளைப் பிடித்துத் தட்டிப் பாருங்கள். எத்தனை இலையில் இருக்கிறது என்று தேதி போட்டு எழுதுங்கள். ஒன்றிரண்டு இலை என்றால் வெட்டி எடுத்துவிட்டுத் தண்ணீர் அடியுங்கள். கூடுதல் என்றால் வேப்பங்கொட்டைச் சாறு. அடுத்த வாரம் அதே மரத்தில் மறுபடி எண்ணிப் பாருங்கள். எண்ணிக்கை இறங்குகிறது என்றால் மருந்துக்கடைக்குப் போகும் செலவு மிச்சம். ஏறுகிறது என்றால் அந்தத் தாளையும் ஒரு கிளையையும் எடுத்துக்கொண்டு தோட்டக்கலை அலுவலகத்துக்குப் போங்கள்.